சீனியைத் தொடுவதில்லை, சர்க்கரை மட்டும் ஏறுகிறது: பாக்கெட்டின் பின்பக்கம் படிக்கத் தெரிந்தவர்கள் வாருங்கள்

பள்ளத்தூர்ப்பெண் | ஞாயிறு, இரவு 10.12

அப்பச்சிக்கு (என் அப்பாவுக்கு) 71 வயது. சர்க்கரை வந்து பதினாறு வருடம் ஆகிறது. மாத்திரை ஒரு நாள் தவறியதில்லை, காபிக்குச் சீனி கிடையாது. போன மாதம் கோட்டையூரில் ஒரு சாந்திக் கல்யாணத்தில் (அறுபதாம் கல்யாணம்) இலையில் வைத்த கவுனி அரிசி இனிப்பைத் தொடாமலே எழுந்தார். பக்கத்து இலைக்காரர்தான் வருத்தப்பட்டார், இவர் படவில்லை. அப்படிப்பட்டவருக்கு ரத்தச் சர்க்கரையின் மூன்று மாதச் சராசரி (எச்பிஏ1சி) 7.2 இலிருந்து 8.5 ஆகிவிட்டது. டாக்டர் அவரை விட்டுவிட்டு என்னைப் பார்த்தார். "வீட்டில் என்னம்மா கொடுக்கிறீர்கள்?"

திருடனுக்குக் காவல் இருப்பதுபோல இரண்டு நாள் அடுப்படியிலேயே உட்கார்ந்து பார்த்தேன். காலை ஆறரைக்கும் சாயங்காலம் ஐந்துக்கும் பாலில் ஒரு மால்ட் பவுடர். தெம்புக்கு என்று நான்தான் வாங்கிப் போட்டது. சாயங்காலப் பாலோடு நான்கு பிஸ்கட். நார்ச்சத்து பிஸ்கட்டாம், மேலே கோதுமைக் கதிர் படம். இரண்டிலும் சீனி இருக்கும் என்று வீட்டில் ஒருவருக்கும் தோன்றவில்லை. இரண்டுமே மருந்துக்கடையில் வாங்கியவை, அதனால்தான்.

டப்பாவின் பின்னால் மஞ்சள் தாளில் வெள்ளை எழுத்து. கண்ணாடி போட்டும் தெரியவில்லை. செல்போனில் படம் பிடித்துப் பெரிதாக்கினேன். 100 கிராமில் மாவுச்சத்து 84 கிராம், மொத்தச் சர்க்கரை 39, சேர்க்கப்பட்ட சர்க்கரை 32. பக்கத்தில் 'ஒரு பரிமாறல் 20 கிராம்' என்று போட்டு, அதற்கு 13 சதவீதம் என்று ஒரு கட்டம். 13 என்றால் யாருக்குப் பயம் வரும்? மகள் கேக் செய்ய வாங்கிய சின்னத் தராசை எடுத்து வைத்து, "எப்போதும் போடுகிற மாதிரி போடுங்கள் அப்பச்சி" என்றேன். மூன்று ஸ்பூன், மூன்றும் கோபுரம். 38 கிராம்.

அதில் 12 கிராம் சேர்த்த சர்க்கரை. இரண்டு வேளைக்கு 24. பிஸ்கட் ஒன்று 10 கிராம் எடை, 100 கிராமுக்கு 18 கிராம் சர்க்கரை என்று போட்டிருக்கிறது, நான்குக்கு 7 கிராம் சொச்சம். ஆக 31. ஸ்பூனுக்கு 4 கிராம் என்றால் எட்டு ஸ்பூன் வருகிறது. காபியில் அரை ஸ்பூன் வேண்டாம் என்றவர் தினம் எட்டு ஸ்பூன் சாப்பிட்டிருக்கிறார்.

கணக்குச் சரிதானா? மொத்தச் சர்க்கரை, சேர்க்கப்பட்ட சர்க்கரை என்று ஏன் இரண்டு வரி? சேர்மானப் பட்டியலில் மால்டோடெக்ஸ்ட்ரின் என்று ஒன்று இருக்கிறதே, அது என்ன?


மட்டுறுத்துநர் | ஞாயிறு, இரவு 10.30

நல்ல கேள்வி. ஒரே வேண்டுகோள், எந்த கம்பெனி என்று கேட்டு யாரும் இழுக்க வேண்டாம். போன தடவை ஊறுகாய் பற்றிய விவாத இழையில் நடந்தது போதும்.


சும்மா_பார்க்கவந்தேன் | ஞாயிறு, இரவு 11.05

நம் ஐயாமார் டின் டின்னாக மாவுருண்டையும் அதிரசமும் தின்றவர்கள். தொண்ணூறு வயது வரை இருந்தார்கள். யார் லேபிள் பார்த்தார்கள்? இதெல்லாம் இப்போது கிளம்பிய பயம்.


பழைய_லேப் | திங்கள், காலை 6.20

தங்கச்சி, கணக்குச் சரி. பணியில் இருந்த காலம் முழுவதும் சோதனைக்கூடத்தில் கழித்தவன் நான். தெரிந்ததைச் சொல்கிறேன்.

உங்கள் அப்பச்சி பேரேடு எழுதியவராக இருந்தால் அவருக்கு ஒரு நிமிடத்தில் புரிந்துவிடும். மாவுச்சத்து என்பது பெரிய தலைப்பு. அதற்குள் மொத்தச் சர்க்கரை, அதற்குள் சேர்க்கப்பட்ட சர்க்கரை. 84, 39, 32 மூன்றையும் கூட்டக் கூடாது, 84-க்குள் 39, 39-க்குள் 32. மீதி 7 பெரும்பாலும் பால் பவுடரில் இயல்பாக இருக்கிற சர்க்கரை. சேர்க்கப்பட்ட சர்க்கரையைத் தனியாகக் காட்டு என்று சொன்னது 2020-ல் வந்த லேபிள் ஒழுங்குமுறை. அந்த 13 சதவீதமும் அதன்படிதான்: ஒரு நாளுக்கு 2000 கலோரி சாப்பிடுகிற ஒருவருக்குச் சேர்த்த சர்க்கரை 50 கிராம் என்று வைத்துக்கொண்டு, அதில் இது எத்தனை பங்கு என்று கணக்கு. 20 கிராம் பவுடரில் 6.4 கிராம், 50-ல் 6.4 என்றால் 13. கணக்கில் பொய்யே இல்லை. ஆனால் 20 கிராம் என்று முடிவு செய்தது கம்பெனி, கோபுரம் கட்டியது உங்கள் அப்பச்சி.

அந்த 50-ம் உச்ச வரம்புதான். உலக சுகாதார அமைப்பு 2015-ல் கொடுத்த வழிகாட்டலில் மொத்தக் கலோரியில் பத்து சதவீதத்துக்குள் என்றது, ஐந்துக்குள் என்றால் இன்னும் நல்லது என்றது. அதாவது 25 கிராம். அது எல்லோருக்கும் சொன்னது. அப்பச்சியின் கணக்கு வேறு.

மால்டோடெக்ஸ்ட்ரின் பற்றிக் கேட்டீர்கள். சோளம், மரவள்ளி மாதிரி எதிலாவது இருந்து எடுத்த மாவைச் சின்னச் சின்னத் துண்டாக உடைத்தது. நாக்கில் இனிப்பு தெரியாது, வேதியியல் வரையறைப்படி அது 'சர்க்கரை'யும் இல்லை. அதனால் சர்க்கரை வரிசையில் ஏறாமல் மாவுச்சத்தோடு நின்றுகொள்ளும். வயிற்றுக்குள் போனால் குளுக்கோஸ் ஆக அதற்கு அதிக நேரம் ஆகாது. சர்க்கரை நோய் உள்ளவர்கள் சர்க்கரை வரியை மட்டும் பார்த்து நிறுத்தாமல் மாவுச்சத்து வரியையும் பார்க்க வேண்டும் என்பது இதற்காகத்தான். உங்கள் டப்பாவில் அது 84. நூற்றில் எண்பத்து நான்கு.


மருந்துக்கடை_செஞ்சை | திங்கள், காலை 8.45

குற்றவாளிக் கூண்டில் நானும் நிற்கிறேன். என் கடையிலும் இந்தப் பவுடர்கள் கல்லாவுக்கு நேர் பின்னால்தான் அடுக்கியிருக்கின்றன. மருந்துக்கு வருகிறவர் மாத்திரையை வாங்கிக்கொண்டு, "தெம்புக்கு ஏதாவது கொடுங்க" என்பார். கை தானாக அங்கே போகும்.

ஒரு விஷயம் மட்டும் பள்ளத்தூர் ஆச்சியிடம் சொல்ல வேண்டும். ஒரேயடியாக நிறுத்தும் முன்னால் டாக்டரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். 8.5-க்கு ஏற்றபடி மாத்திரையைக் கூட்டியிருந்தால், இந்தச் சர்க்கரை சட்டென்று நின்றதும் திடீரென்று இறங்கவும் வாய்ப்பு உண்டு. இந்த வயதில் அது ஏறுவதைவிட ஆபத்து.

அப்புறம், 'ஹெல்த் ட்ரிங்க்' என்கிற வார்த்தைக்கு நம் உணவுப் பாதுகாப்புச் சட்டத்தில் விளக்கமே கிடையாது. 2024 ஏப்ரலில் மத்திய வணிக அமைச்சகம் இணையக் கடைகளிடம் இந்த மாதிரி பானங்களை ஹெல்த் ட்ரிங்க் வரிசையில் வைக்காதீர்கள் என்று சொல்லிவிட்டது. இணையத்தில் வரிசை மாறியது. என் அலமாரியில் யாரும் மாற்றச் சொல்லவில்லை, நானும் மாற்றவில்லை. இதை எழுதிவிட்டு மாற்றப் போகிறேன்.

சும்மா பார்க்க வந்த அண்ணனுக்கு: ஐயாமார் தின்றது உண்மை. நோன்புக்கும் கல்யாணத்துக்கும் தின்றார்கள், தினம் இரண்டு வேளை பாலில் கலக்கிக் குடிக்கவில்லை. 2023-ல் வெளியான ஐசிஎம்ஆர் (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம்) ஆய்வில் நாட்டில் பத்து கோடிப் பேருக்கு மேல் சர்க்கரை, இன்னும் பதின்மூன்று கோடிக்கு மேல் வாசலில் நிற்கிறார்கள். என் கடைப் பில் புத்தகத்தைப் பார்த்தாலே நம்பலாம்.


தேன்குழல்கடை | திங்கள், மதியம் 3.10

அதிரசம் பேச்சு வந்ததும் உள்ளே வந்தேன். காரைக்குடியில் பலகாரக் கடை. சிங்கப்பூர், மலேசியா, அமெரிக்கா வரை பார்சல் போகிறது.

அதிரசத்தில் வெல்லம் இருப்பது மூன்று வயசுப் பிள்ளைக்கும் தெரியும். கையில் ஒட்டும். பார்த்துத்தான் தின்கிறான், பிறகு தின்றதற்குக் கணக்கும் வைத்துக்கொள்கிறான். சீனி இருக்காது என்று நினைக்கிற இடத்தில் இருப்பதுதான் தொந்தரவு. என்னையே எடுத்துக்கொள்ளுங்கள். ஆறு வருடத்துக்கு முன் ஒரு மொத்த வியாபாரி வந்து, "அண்ணே, உங்கள் காரா மிக்சர் நன்றாக இருக்கிறது, மசாலாவில் ஒரு கை சீனித் தூள் போடுங்கள், கை நிற்காது" என்றார். சிரித்து அனுப்பிவிட்டேன். சும்மா ஒரு தட்டு போட்டுப் பார்ப்போமே என்று பார்த்தேன். கடைப் பையன்கள் அந்தத் தட்டைத்தான் முதலில் காலி செய்தார்கள். இனிப்பு என்று ஒருவனும் சொல்லவில்லை, "இது கொஞ்சம் எடுப்பா இருக்கு முதலாளி" என்றார்கள். அன்றிலிருந்து போடுகிறேன். லேபிளில் கடைசிக்கு முந்தி எழுதியும் இருக்கிறேன். இதுவரை ஒரு ஆள் கேட்டதில்லை, ஆச்சி. நீங்கள்தான் முதலில் கேட்கப் போகிறீர்கள் என்று நினைக்கிறேன்.


பள்ளத்தூர்ப்பெண் | திங்கள், இரவு 9.00

அண்ணே, உங்கள் மிக்சர் எங்கள் வீட்டில் இரண்டு டப்பா இருக்கிறது. எழுந்து போய்ப் பார்த்துவிட்டு வருகிறேன்.

...

இருக்கிறது. கடைசிக்கு முந்தி.


நாட்டுமருந்துப்பிரியை | திங்கள், இரவு 9.40

இதற்குத்தான் நான் எதிலும் வெள்ளைச் சீனி வாங்குவதில்லை. நாட்டுச் சர்க்கரை பிஸ்கட், கருப்பட்டி மிட்டாய், தேன் போட்ட கார்ன் ஃப்ளேக்ஸ். சர்க்கரை உள்ளவர்கள் தாராளமாகச் சாப்பிடலாம். ஆச்சி, அப்பச்சிக்கு அதை மாற்றிப் பாருங்கள்.


பழைய_லேப் | செவ்வாய், காலை 6.05

அம்மா, தாராளமாக என்கிற வார்த்தையை மட்டும் திரும்ப வாங்கிக்கொள்ளுங்கள். வெல்லமும் கருப்பட்டியும் பெரும்பங்கு அதே சுக்ரோஸ்தான். வாசனை உண்டு, கொஞ்சம் தாது உப்பு உண்டு, மறுக்கவில்லை. ரத்தத்துக்குள் போனால் அது பனையிலிருந்து வந்ததா கரும்பிலிருந்து வந்ததா என்று யாரும் விசாரிப்பதில்லை. தேனையும் உலக சுகாதார அமைப்பு சீனியோடு சேர்த்தே கணக்கில் வைத்திருக்கிறது.

நம் ஊர்ப் பேச்சு வழக்கு இதில் இன்னும் குழப்பும். நமக்கு வெள்ளையாக இருந்தால் சீனி, பழுப்பாக இருந்தால் சர்க்கரை. 'சீனி இல்லை' என்று தமிழில் கொட்டை எழுத்தில் போட்டுச் சர்க்கரையைக் கொட்டி விற்கிற பாக்கெட்டை நானே பார்த்திருக்கிறேன்.

முன்பக்கத்து வார்த்தைகளுக்கும் அளவு உண்டு. 'சுகர் ஃப்ரீ' என்று போட வேண்டுமானால் 100 கிராமில் அரை கிராமுக்கு மேல் சர்க்கரை இருக்கக் கூடாது. 'லோ சுகர்' என்றால் திடப் பொருளில் 5 கிராம், பானத்தில் 100 மில்லிக்கு 2.5. 'நேச்சுரல் குட்னஸ்', 'பாட்டி கைமணம்' என்பவற்றுக்கு எந்த அளவும் கிடையாது.

பின்பக்கச் சேர்மானப் பட்டியலில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. எடை அதிகமானதை முதலில் எழுத வேண்டும், குறையக் குறைய வரிசையாக. சீனி 30 பங்கு போட்டால் அது முதல் இடத்துக்கோ இரண்டாம் இடத்துக்கோ வந்துவிடும், பார்ப்பவருக்குக் கண்ணில் படும். அதையே சீனி 12, லிக்விட் குளுக்கோஸ் 10, இன்வர்ட் சிரப் 8 என்று மூன்றாகப் பிரித்தால் மூன்றும் கீழே இறங்கிவிடும், கோதுமை மாவு மேலே கம்பீரமாக நிற்கும். டெக்ஸ்ட்ரோஸ், ஃப்ரக்டோஸ், மால்ட் எக்ஸ்ட்ராக்ட், கோல்டன் சிரப், பழச்சாறு செறிவு, எல்லாம் பங்காளிகள்தான். பெயர்தான் வேறு வேறு.

இன்வர்ட் சிரப் என்றதும் என்னமோ ஏதோ என்று பயப்பட வேண்டாம். சீனிப் பாகு பூத்துப் போகாமல் இருக்க ஆச்சிமார் ஒரு மூடி எலுமிச்சம்பழம் பிழிவார்களே, அந்த வேலைதான். புளிப்புப் பட்டுக் கொதிக்கும்போது சீனி குளுக்கோஸாகவும் ஃப்ரக்டோஸாகவும் உடைகிறது, அப்புறம் கட்டி தட்டாது. ஆலையில் அதைப் பீப்பாய்க் கணக்கில் செய்கிறார்கள்.


நாட்டுமருந்துப்பிரியை | செவ்வாய், காலை 7.15

எங்கள் மாமியார் கருப்பட்டிக் காபி குடித்து 84 வயது வரை இருந்தார். உங்கள் ரசாயனம் உங்களோடு.


செங்காங்_காரைக்குடியான் | செவ்வாய், காலை 9.30

சிங்கப்பூரிலிருந்து. இங்கே 2022 டிசம்பர் கடைசியிலிருந்து பாட்டில், டப்பா பானங்களுக்கு நியூட்ரி கிரேட் என்று ஏ, பி, சி, டி தரம். சி, டி என்றால் முன்பக்கமே அந்த எழுத்தைப் போட்டாக வேண்டும். முக்கியமாகப் பார்ப்பது சர்க்கரையையும் நிறைவுற்ற கொழுப்பையும். 100 மில்லிக்கு 10 கிராம் சர்க்கரையைத் தாண்டினால் டி. டி வாங்கினால் அந்தப் பானத்துக்கு விற்கிற இடத்தைத் தவிர வேறெங்கும் விளம்பரம் செய்ய முடியாது. அடுத்த வருடம் கடையில் அப்போதே கலக்கிக் கொடுக்கிற பானங்களுக்கும் கொண்டுவந்துவிட்டார்கள்.

பலன் எங்கே தெரிகிறது என்றால், தைப்பூசத்துக்கு டேங்க் ரோடு கோயிலுக்குப் போகிற வழியில் என் எட்டு வயசு மகன் மெஷினில் காசு போடுவதற்கு முன், "அப்பா, இது சி" என்கிறான். அவனுக்கு மால்டோடெக்ஸ்ட்ரின் தெரியாது. எழுத்து தெரிகிறது.

போன லீவுக்கு ஊருக்கு வந்தபோது அதே பையன் பாக்கெட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான், எழுத்து எங்கே என்று. நான் என்ன பதில் சொல்ல.


மருந்துக்கடை_செஞ்சை | செவ்வாய், காலை 10.20

தம்பி, நம் ஊரிலும் பேச்சு நடக்கிறது, நடந்துகொண்டே இருக்கிறது. 2022 செப்டம்பரில் பாக்கெட் முன்பக்கம் அரை முதல் ஐந்து வரை நட்சத்திரம் போடலாம் என்று வரைவு வந்தது. 2024 ஜூலையில் சர்க்கரை, உப்பு, நிறைவுற்ற கொழுப்பு மூன்றையும் தடித்த எழுத்தில் பெரிதாகப் போட வேண்டும் என்ற திட்டத்துக்கு உணவுப் பாதுகாப்பு ஆணையம் தலையாட்டியது. 2025 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் முன்பக்க எச்சரிக்கை பற்றி மூன்று மாதத்தில் முடிவெடுங்கள் என்றது.

நட்சத்திரம் எனக்குப் பிடிக்கவில்லை. நட்சத்திரம் என்றால் நம் ஆட்களுக்குப் பாராட்டு. ஒன்றரை நட்சத்திரம் வாங்கிய பிஸ்கட்டை, "ஒன்றரை ஸ்டார் ஐட்டம்" என்று சொல்லியே விற்றுவிடுவார்கள். சிலி நாட்டில் 2016-லேயே கறுப்பில் எட்டு மூலைக் கட்டம் போட்டு 'சர்க்கரை அதிகம்' என்று நேராக எழுத வைத்தார்கள், மெக்சிகோவில் 2020-ல். கறுப்புக் கட்டத்தைப் பாராட்டு என்று யாரும் நினைக்க மாட்டார்கள்.


பெட்டிக்கடை | செவ்வாய், இரவு 10.50

இப்போதுதான் கடை சாத்தினேன். கானாடுகாத்தான் பக்கம். பெரிய டப்பா கதை எல்லாம் சரி. என் கடையில் அது விற்காது. தொங்குகிற சரம்தான் விற்கும். ஒரு ரூபாய், இரண்டு ரூபாய், ஐந்து ரூபாய்.

நீங்கள் எல்லாம் பின்பக்கம் படி, படி என்கிறீர்களே என்று ஒரு ரூபாய் ஜெல்லியை எடுத்துப் பார்த்தேன். பின்னால் ஒன்றுமே இல்லை. ஒரு மிட்டாய், ஒரு சாக்லேட் பவுடர் சாஷே, அதிலும் சத்துக் கட்டம் இல்லை. இது ஒழுங்கா, தில்லுமுல்லா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.


பழைய_லேப் | புதன், காலை 5.50

ஒழுங்குதான், அதுதான் வேதனை. பாக்கெட்டின் பரப்பு 100 சதுர சென்டிமீட்டருக்கு மேல் இல்லையென்றால் சேர்மானப் பட்டியலும் சத்துக் கட்டமும் அதன் மேல் இருக்க வேண்டியதில்லை. பல பாக்கெட்டை அடக்கிய வெளி உறையில் இருந்தால் போதும். உங்கள் ஜெல்லி ஐந்துக்கு ஏழு அளவு இருந்தால் இரண்டு பக்கமும் சேர்த்து 70தான்.

அந்த வெளி உறை உங்களிடம் இருக்கிறதா?


பெட்டிக்கடை | புதன், காலை 6.30

ஐயா, அந்த ஜாடி அட்டையையும் பெரிய கவரையும் வந்த அன்றைக்கே கிழித்துக் குப்பையில் போடுகிறவன் நான்தான். சரத்தைத் தொங்கவிட்டால் போதும் என்று. பத்து வருடமாக.

இன்று வந்த கட்டை வைத்திருக்கிறேன். சேர்மானத்தில் முதல் பெயர் சீனி, இரண்டாவது லிக்விட் குளுக்கோஸ்.


ஆறாம்வகுப்பு_டீச்சர் | புதன், மாலை 5.15

பெட்டிக்கடை அண்ணன் சொன்னதைப் படித்ததும் எழுத வேண்டும் என்று தோன்றியது. தேவகோட்டைப் பக்கம் ஒரு பள்ளியில் இருக்கிறேன். 2025 மே மாதம் சிபிஎஸ்இ தன் பள்ளிகளில் எல்லாம் 'சுகர் போர்டு' (எதில் எவ்வளவு சர்க்கரை என்று காட்டும் பலகை) வைக்கச் சொன்னது. எங்களுடையது அந்தப் பாடத்திட்டம் இல்லை. யாரும் சொல்லாவிட்டால் செய்யக் கூடாதா என்று நானே ஒரு சார்ட் அட்டை ஒட்டினேன்.

தின்று முடித்த காலிப் பாக்கெட்டைக் கொண்டுவரச் சொன்னேன். முதல் நாளே இரண்டு பை நிறைந்துவிட்டது. பெஞ்சில் ஒரு கிண்ணம் சீனி, ஒரு டீ ஸ்பூன். 250 மில்லி குளிர்பான பாட்டிலில் 100-க்கு 10.5 கிராம் என்று இருந்தது. மொத்தம் 26 கிராம், ஆறரை ஸ்பூன். ஒரு பையன் எண்ணி எண்ணிக் காலி டம்ளரில் போட்டான். நான்காவது ஸ்பூனில் வகுப்பு அமைதியாகிவிட்டது. ஆறரை முடிந்ததும் கடைசி பெஞ்சிலிருந்து, "டீச்சர், இதில் தண்ணி ஊத்திக் குடுத்தா குடிக்க முடியுமா?" என்று கேட்டான் ஒருவன். ஊற்றிக் கொடுத்தேன். ஒரு வாய் வைத்துவிட்டு முகத்தைச் சுளித்தான். ஐஸ், புளிப்பு, காற்று மூன்றும் இல்லாமல் அந்த இனிப்பைக் குடிக்க முடியவில்லை.

தக்காளி சாஸ் ஒன்று வந்தது, 100 கிராமில் 25 கிராம் சர்க்கரை. தக்காளி இனிக்கும் என்று நினைத்தேன் என்றாள் ஒரு பெண். 'பழச்சாறு' ஒன்று வந்தது. 100 சதவீதம் பழச்சாறு என்று போடுவதை நிறுத்துங்கள் என்று 2024 ஜூனிலேயே உணவுப் பாதுகாப்பு ஆணையம் உத்தரவிட்டுவிட்டது. செறிவில் தண்ணீர் ஊற்றியதை முழுப் பழச்சாறு என்று எப்படிச் சொல்ல முடியும். வீட்டில் கிடந்த பழைய டப்பாவோ என்னவோ, அதன் மேல் அந்த வாசகம் இன்னும் இருந்தது.

சார்ட் இப்போதும் சுவரில் இருக்கிறது. சரம் வாங்குகிற பிள்ளைகளுக்கு அதில் ஒட்ட எதுவும் இல்லை, எழுத்தே இல்லாத பாக்கெட்டை என்ன சொல்லி ஒட்டுவது. அண்ணே, அந்த வெளி உறைகளைத் தூக்கிப் போடாமல் எனக்குக் கொடுத்துவிடுங்களேன்.


பெட்டிக்கடை | புதன், இரவு 10.40

வைத்திருக்கிறேன் டீச்சர். கடைக்கு வருகிற பிள்ளைகளிடம் நான் கொடுத்தேன் என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள்.


சும்மா_பார்க்கவந்தேன் | வியாழன், காலை 11.00

பிள்ளையார் நோன்புக்கு இருபத்தோரு நூல் இழை எடுப்போம். இந்த இழை அதையும் தாண்டிப் போய்க்கொண்டிருக்கிறது. எதிர்த்துப் பேச வந்தவன், நேற்று வீட்டில் ஓட்ஸ் பாக்கெட்டைத் திருப்பிப் பார்த்தேன். மசாலா ஓட்ஸ். அதிலும் சீனி, அந்த மால்டோடெக்ஸ்ட்ரின். மசாலாவுக்கு எதற்கையா சீனி?


தேன்குழல்கடை | வியாழன், காலை 11.20

என் மிக்சருக்கு எதற்கோ அதற்குத்தான் அண்ணே.


பள்ளத்தூர்ப்பெண் | ஞாயிறு, மாலை 6.45

ஒரு வாரம் ஆகிவிட்டது. டாக்டரிடம் சொல்லிவிட்டேன். மாத்திரையை இப்போதைக்கு மாற்றவில்லை, தினம் இரண்டு வேளை குத்திப் பார்த்து எழுதச் சொன்னார். மூன்று மாதச் சராசரிக்கு இன்னும் நாள் இருக்கிறது, அதனால் இறங்கிவிட்டது, ஏறிவிட்டது என்று எதுவும் இங்கே எழுதப் போவதில்லை.

அப்பச்சியிடம் லேப் ஐயா எழுதியதைப் படித்துக் காட்டினேன். தலைப்பு, உட்தலைப்பு என்றதும் நிமிர்ந்து உட்கார்ந்தார். "இதை முதலிலேயே ஐந்தொகை மாதிரி எழுதித் தொலைத்திருக்கலாமே" என்றார். அலமாரியிலிருந்து ஒரு பழைய நீள நோட்டை எடுத்து, பக்கத்தை இரண்டாகக் கோடு போட்டு, இடது பக்கம் பொருள், வலது பக்கம் சேர்மானச் சர்க்கரை என்று தலைப்பு எழுதினார். வீட்டில் இருந்த பாக்கெட் ஒன்று விடாமல் பட்டாலையில் கொண்டுவந்து வைக்கச் சொன்னார். பதினேழு. நான் செல்போனில் பெரிதாக்கி வாசிக்க, அவர் எழுதினார். இட்லிப் பொடியில் இல்லை. ரொட்டியில் இருக்கிறது. சூப் பவுடரில் இருக்கிறது. பூண்டு ஊறுகாயில்கூட இருக்கிறது. ஊறுகாய்க்கு அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

நடுவில் ஒரு கேள்வி கேட்டார், என்னால் பதில் சொல்ல முடியவில்லை. "இதில் ஏன் தமிழே இல்லை?" பிறகு விசாரித்தேன். லேபிள் ஆங்கிலத்திலோ இந்தியிலோ இருந்தால் சட்டத்துக்குப் போதும். வேறு மொழியில் கூடுதலாகப் போட்டுக்கொள்ளலாம், போட வேண்டும் என்பதில்லை. தினம் தமிழ்ப் பேப்பரை ஒரு எழுத்து விடாமல் படிக்கிறவருக்குத் தான் குடிப்பது என்ன என்று படிக்க நான் வேண்டியிருக்கிறது.

பவுடர் நின்றுவிட்டது. முதல் மூன்று நாள் வீட்டில் பேச்சுவார்த்தை இல்லை. நான்காம் நாள், சுக்கு மல்லிக் காபியாவது கொடு என்றார். கடையில் பாக்கெட் வாங்கி வந்தேன். பிரிக்கும் முன்னால் அவரே கையை நீட்டினார். பூதக்கண்ணாடியை வைத்து ஒவ்வொரு எழுத்தாகக் கூட்டி, சேர்மானத்தில் முதல் வார்த்தையை வாசித்தார். வெல்லம். சுக்கு மூன்றாவது. இப்போது சுக்கையும் மல்லியையும் நானே இடிக்கிறேன்.

தேன்குழல்கடை அண்ணே, உங்கள் மிக்சர் நோட்டில் ஆறாவது வரியில் இருக்கிறது. அளவு தெரியாததால் வலது பக்கம் காலியாக விட்டிருக்கிறார். கேட்டுச் சொல் என்றார்.


தேன்குழல்கடை | ஞாயிறு, இரவு 8.30

ஐயாவிடம் சொல்லுங்கள் ஆச்சி, 100 கிராமுக்கு 3 கிராம் போடுகிறேன். அடுத்த மாதத்திலிருந்து சீனி இல்லாமல் ஒரு வகையும் போட்டுப் பார்க்கப் போகிறேன், எத்தனை பேர் வாங்குகிறார்கள் என்று பார்ப்போம்.

அதிரசத்துக்குப் புது லேபிள் அடிக்கக் கொடுத்திருக்கிறேன். அமெரிக்காவுக்குப் போகும் டப்பாவில் சேர்த்த சர்க்கரை வரி இல்லாமல் முடியாது, அதையே இங்கே விற்கும் டப்பாவுக்கும் போடலாம் என்று முடிவு செய்தேன். சோதனைக்குக் கொடுத்ததில் 100 கிராமுக்கு 34 கிராம் வந்தது. ஒரு அதிரசம் 40 கிராம், அதில் 13.6. மாவு, வெல்லம், எண்ணெய், ஏலக்காய் என்று வரிசையாகத் தமிழிலும் அடிக்கச் சொல்லிவிட்டேன். ஒரே இடத்தில் நிற்கிறது. 'ஒரு பரிமாறல்' என்ற கட்டத்தில் எத்தனை அதிரசம் போடட்டும்? அச்சகத்துக்காரர் ஒன்று என்று போட்டு அனுப்பியிருக்கிறார்.


பள்ளத்தூர்ப்பெண் | ஞாயிறு, இரவு 9.05

அப்பச்சியிடம் கேட்டேன். "அச்சகத்தானுக்கு என்ன தெரியும்? கடையில் நின்றபடியே ஒரு ஆள் எத்தனை தின்கிறான் என்று எண்ணிப் பார்த்துப் போடச் சொல்" என்றார்.


தேன்குழல்கடை | செவ்வாய், இரவு 9.50

இரண்டு நாள் எண்ணினேன். மூன்று.